கூறைச்சேலையில் கத்திரி

சுகுணாவின் கை சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் டிக்கெட்டை மடித்து மடித்துக் கடுகளவாக்குவாள். டீக்கடையில் நின்றால் கைக்குட்டையை விரலிடுக்கில் நுழைத்து அடுத்த கையில் எடுப்பாள். அடுப்பில் சோறு கொதிக்கிற நேரத்தில் ஒரு காசை உள்ளங்கையிலிருந்து புறங்கைக்கு ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பாள். சோறு குழைந்து போனதுதான் மிச்சம்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. புதுக்கோட்டையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில், கல்யாணத்துக்கு முன்பிருந்தே சேலை விரித்துப் பழகிய கை அது. ஒரு சேலையை வீசி விரித்தால் வந்தவர்களின் கண்ணெல்லாம் முந்தானையோடு ஓடும். அந்த நேரத்தில் அவளுடைய அடுத்த கை, அவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய சேலையைச் சத்தமில்லாமல் குவியலின் நடுவே கொண்டுவந்து வைத்துவிடும். "இது நல்லா இருக்கே, இதை ஏன் மொதல்லயே காட்டலை?" என்று அவளையே கோபித்துக்கொண்டு அதே சேலையை வாங்கிப் போனவர்கள் எத்தனையோ பேர். சுகுணா சிரிப்பை அடக்கிக்கொண்டு பில் போட அனுப்புவாள்.

விற்பனைப் பெண்கள் உட்கார இருக்கை போடவேண்டும் என்று சட்டம் வந்தது. கடையில் முக்காலிகளும் வந்தன. உட்கார்ந்தவர்தான் யாரும் இல்லை. தளத்துக்குப் பொறுப்பாளரான உதயசூரியன் முக்காலியைப் பார்க்கிற பார்வையே போதும், முழங்கால் தானாக நிமிர்ந்துகொள்ளும்.

இப்படியிருந்தவளுக்கு ஒருநாள் செல்போனில் ஒரு வீடியோ வந்தது. ஏதோ ஒரு ஊரில், யாரோ ஒரு பெண், நடைபாதையில் நின்று வித்தை காட்டுகிறாள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் நிற்கிறார்கள். வித்தை பெரிய வித்தை ஒன்றுமில்லை. கொஞ்சநேரம் பார்த்ததுமே சுகுணாவுக்குப் பிடிபட்டுவிட்டது. அந்த ஜனங்கள் நின்றதுதான் பிடிபடவில்லை. அவசர வேலையாகப் போகிறவர்கள், ஒரு பொருளும் வாங்கப் போவதில்லை என்று தெரிந்தும், அந்தப் பெண்ணுக்காக நின்றார்கள். கடைசி வரைக்கும் நின்று கை தட்டினார்கள். கடையில் தன் முன்னால் இத்தனை வருஷமாக நின்றவர்கள் எல்லாரும் சேலைக்காக நின்றவர்கள் என்பது அன்றைக்குத்தான் சுகுணாவுக்கு உறைத்தது. அன்றிலிருந்து அவளுக்கு நிலைகொள்ளவில்லை.

வீட்டில் கண்ணாடி முன்னால் பழகினாள். குவைத்தில் தண்ணீர் லாரி ஓட்டும் புருஷன் அருள்மணிக்கு வீடியோ காலில் காட்டினாள்.

"நல்லாத்தான் இருக்கு. வீட்டுக்குள்ள செய்யி. பொம்பளை தெருவுல போயி நிக்கிறதாக்கும்?" என்றான்.

"கடையில காலையில இருந்து ராத்திரி வரைக்கும் நிக்கிறேனே, அது ஒங்க கண்ணுக்குத் தெரியலையா?"

அருள்மணிக்குப் பதில் கிடைக்காவிட்டால் உடனே சிக்னல் போய்விடும். அன்றைக்கும் போய்விட்டது.

ஆடித் தள்ளுபடி முடிந்ததும் உடம்பு சரியில்லை என்று சொல்லி விடுப்புப் போட்டாள். விடுப்பு நீண்டுகொண்டே போனதில் உதயசூரியன் போன் செய்தார். "தீவாளி ஸீசன் தலைக்கு மேல நிக்கிது. திங்கக்கிழமை நீ ஃப்ளோர்ல இருக்கணும். இல்லேன்னா வேற ஆளைப் போட்டுருவேன், சொல்லிட்டேன்" என்றார். சுகுணாவும் தனக்குத்தானே ஒரு முடிவு சொல்லிக்கொண்டாள். திங்கட்கிழமைக்குள் ஒரு கூட்டம், ஒரே ஒரு கூட்டம், தனக்காக நின்று கடைசி வரைக்கும் பார்த்துவிட்டால் கடைக்குப் போவதில்லை. இல்லையென்றால் வித்தைப் பையைப் பரணில் போட்டுவிட்டுப் பட்டுப் பிரிவில் போய் நிற்பது. இரண்டில் ஒன்று.

முதலில் கீரனூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். அவளுடைய ஊர் குன்றாண்டார்கோவில். அங்கே தெருவில் நின்றால் பேச்சு அவளுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிடும். கீரனூரிலும் தெரிந்த முகம் இருக்கும்தான். ஆனால் எங்காவது தொடங்கியாக வேண்டுமே. "அன்பார்ந்த பொதுமக்களே!" என்று ஆரம்பித்தாள். அந்தக் குரல் அவளுடையதே இல்லை. தேர்தல் ஜீப்பிலிருந்து இறங்கி வந்ததுபோல் இருந்தது. நாலைந்து பேர் நின்றார்கள். ஒருவரிடம் சீட்டுக்கட்டை விரித்து, ஒரு சீட்டை எடுக்கச் சொல்லி, நெஞ்சோடு வைத்துக்கொள்ளச் சொன்னாள். அந்த நேரம் பார்த்துத் திருச்சி பஸ் வந்தது. கூட்டம் பஸ்ஸைப் பார்த்து ஓடியது. சீட்டை நெஞ்சோடு வைத்திருந்தவரும் அப்படியே ஏறி, ஜன்னல் சீட்டும் பிடித்துவிட்டார். இஸ்பேட் ராணி திருச்சி போய்ச் சேர்ந்தாள்.

அடுத்து மீமிசல். தெரிந்தவர் யாரும் இல்லாத கடற்கரை என்று நினைத்துப் போனாள். மீன் வந்து இறங்குகிற இடத்தில் கூட்டத்துக்குக் குறைவில்லை, ஆனால் யாருக்கும் கையில் ஈரம் காயவில்லை, காதும் ஓயவில்லை. ஏலம் கூவுகிற குரலுக்கு மேலே அவளுடைய குரல் எழும்பவே இல்லை. சிவப்புப் பஞ்சுப் பந்து ஒன்றை உள்ளங்கையில் வைத்து, இதோ மறையப் போகிறது என்று நீட்டினாள். எங்கிருந்தோ ஒரு பருந்து வந்து அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. அன்றைக்கு மாயமாய் மறைந்த பொருள் அது ஒன்றுதான். வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் அதற்கு மட்டும் சிரித்தார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் சுகுணாவுக்கு அழுகை முட்டியது. அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம்.

பாக்கி இருந்தது அறந்தாங்கிச் சந்தை. திங்கட்கிழமைக்கு முன்னால் அவளுக்குக் கிடைத்த கடைசிக் கூட்டம் அது.

சந்தையில் நிற்க இடம் கிடைப்பதே பெரும்பாடு. வெங்காயக்காரர் துரத்தினார், கருவாட்டுக்காரி முறைத்தாள். கடைசியில் பிளாஸ்டிக் சாமான் விற்கிற ஐயனார் என்பவரின் கடையோரம் ஒரு பாய் விரிக்கிற இடம் கிடைத்தது. ஐயனார் வாயைத் திறக்காமல் வியாபாரம் செய்கிற ஆள். அவருடைய ஒலிபெருக்கிதான் 'வாளி, குடம், முறம், எது எடுத்தாலும் ஒரே விலை' என்று ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது.

"என்னம்மா யாவாரம்?" என்று கேட்டார்.

"வித்தைங்க."

"என்னத்தை விக்கிற?"

"ஒண்ணும் விக்கலைங்க. சும்மா பாத்துட்டுப் போகலாம்."

ஐயனார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சும்மா பாக்குறதுக்கு எவன் நிப்பான்? எங்க ஊருக்கு முன்னாடி ஒருத்தன் வருவான். வட்டம் போட்டு, வித்தை முடியிறதுக்குள்ள வட்டத்தைத் தாண்டுனா ரத்தம் கக்கிச் சாவீங்கன்னு சொல்லிருவான். ஒரு பய நகர மாட்டான். நீயும் அப்படிச் சொல்லிப் பாரு."

"தாண்டுனவன் கக்கலேன்னா?"

"எவன் தாண்டிப் பாக்கப் போறான்?"

சுகுணாவுக்கு ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தில் நிற்கிற கூட்டம் அவளுக்கு எதற்கு? அந்தக் கணக்குக்கு, உதயசூரியனுக்குப் பயந்து நாங்களெல்லாம் நிற்கிறோமே, அதுவும் ஒரு கூட்டம்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

பாயை விரித்தாள். "அன்பார்ந்த பொதுமக்களே" என்றாள். பொதுமக்கள் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். மறுபடி சொன்னாள். ஒரு நாய் மட்டும் வந்து பாயை முகர்ந்துவிட்டுப் போனது. கையெல்லாம் வியர்த்து, காசு வழுக்கிக் கீழே விழுந்தது. வெயில் ஏற ஏற அவளுக்குள் எரிச்சல் ஏறியது. போயும் போயும் இந்த நாய்க்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று இருந்தது. எதிரே இரண்டு பெண்கள் அவளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே கடந்துபோனார்கள். அவ்வளவுதான், எரிச்சலில் அவள் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"அக்கா, வாங்கக்கா! சும்மா பாருங்க! எடுக்கணும்னு இல்ல, பாக்குறதுல என்ன இருக்கு? இங்கிட்டு வாங்க!"

அந்த இரண்டு பெண்களின் கால்களும் நின்றுவிட்டன. அந்தக் குரலுக்கு நிற்காத பெண் பிள்ளை இந்தப் பக்கத்தில் உண்டா? என்ன புடவை, என்ன தள்ளுபடி என்று பார்க்க இன்னும் நாலு பேர் வந்தார்கள். சுகுணா விடவில்லை. கைக்குட்டையைப் பட்டுச்சேலை மாதிரி வீசி விரித்தாள். "பாருங்கக்கா, சாயம் போகாது, சுருங்காது" என்றாள். சொல்லிக்கொண்டே உள்ளங்கைக்குள் திணித்தாள். கையை விரித்தால் கைக்குட்டை இல்லை. "காணாமப் போகாதுன்னு மட்டும் நான் சொல்லவே இல்லையே!"

பெண்கள் கலகலவென்று சிரித்தார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டு இன்னும் ஆட்கள் வந்தார்கள். கருவாட்டுக்காரிகூடத் தராசைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். கல்லூரி அடையாள அட்டை மாட்டிய ஒரு பெண் செல்போனைத் தூக்கிப் படம் எடுக்க ஆரம்பித்தாள். சுகுணாவின் கையில் வியர்வை நின்றுவிட்டது. கூட்டம் வட்டமாகக் கட்டிவிட்டது. ஐயனாரே ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைத்து வைத்தார்.

இனி பெரிய வித்தையைக் காட்ட வேண்டும். யாருடைய துணியையாவது வாங்கி, நடுவில் கத்திரியால் வெட்டி, முழுசாகத் திருப்பிக் கொடுக்கிற வித்தை. அதை எப்படிச் செய்கிறாள் என்பதை அவள் அருள்மணியிடம்கூடச் சொன்னதில்லை. அவன் குவைத்தில் உட்கார்ந்துகொண்டு மண்டையை உடைத்துக்கொண்டதுதான் அந்த வித்தைக்குக் கிடைத்த ஒரே கைதட்டல்.

கூட்டத்தைக் கண்ணால் துழாவினாள். முன்வரிசையில் ஒரு பெண் நின்றாள். மஞ்சள் பை, அதன் வாயில் எட்டிப் பார்க்கிற அரக்குச் சிவப்பு. சுகுணாவுக்கு வேண்டியது அந்த நிறம்தான். வேறு எதையும் அவள் கண் பார்க்கவில்லை.

"தங்கச்சி, அந்தச் சேலையைக் கொஞ்சம் குடேன். பத்திரமாத் தாரேன்."

இலக்கியா என்ற அந்தப் பெண் பின்னால் திரும்பி அம்மாவைத் தேடினாள். அம்மா செங்கமலம் ஐயனாரிடம் ஒரு வாளியின் அடியைத் தட்டித் தட்டிப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்றவர்கள் "குடும்மா, குடு" என்று உசுப்பினார்கள். இலக்கியா வெட்கச் சிரிப்போடு சேலையை எடுத்துக் கொடுத்தாள்.

சுகுணா அதை உதறினாள். ஜரிகை வெயிலில் பளீரென்று அடித்தது. நடுப்பகுதியை ஒரு கைப்பிடிக்குள் இழுத்து, மேலே ஒரு முடிச்சளவு துணியைத் துருத்தவிட்டு, கத்திரியைத் தூக்கிக் காட்டினாள். "இப்பப் பாருங்கக்கா." நறுக்கென்று வெட்டினாள். சிவப்புத் துணுக்கு கீழே விழுந்தது. கூட்டம் மொத்தமும் ஒரே மூச்சாக 'ஆ' என்றது. அந்தச் சத்தத்துக்காகத்தான் அவள் இத்தனை நாளும் தவித்தாள்.

அந்தச் சத்தத்தில்தான் செங்கமலமும் திரும்பிப் பார்த்தாள்.

"அடிப்பாவி! கூறைச்சேலையில கத்திரியா வச்ச?"

வாளி உருண்டு ஓடியது. மஞ்சள் பை, பையின் மூலையில் குங்குமப் பொட்டு, புதுசாகக் கட்டிய குஞ்சம், எல்லாமே அப்போதுதான் சுகுணாவின் கண்ணில் பட்டன. அவளுக்கா தெரியாது? கடையில் முகூர்த்தச் சேலை எடுத்தால் விலைச்சீட்டு நூலைக்கூடக் கத்திரியால் நறுக்க மாட்டார்கள். விரலால் முடிச்சவிழ்த்து எடுப்பார்கள். புதுசாக வேலைக்குச் சேர்கிற பெண்களுக்குச் சுகுணாவே சொல்லிக் கொடுத்த பாடம் அது. ஒரு கூட்டம் கிடைத்த பவிசில் அவளே அதை மறந்து நின்றாள்.

அவசர அவசரமாகச் சேலையை உதறி விரித்தாள். முழுசாக இருந்தது. ஒரு இழைகூடப் பிசகவில்லை. சுற்றிலும் கைதட்டல் எழுந்தது, விசில்கூட வந்தது. சுகுணாவின் காதில் எதுவும் ஏறவில்லை. செங்கமலம் கைதட்டவில்லையே.

"முழுசா இருக்குதுங்கக்கா, பாருங்க..."

"சேந்துருச்சு, சரி. வெட்டுப்பட்டுச்சுல்ல?" என்றாள் செங்கமலம். "இது மாப்ளை வீட்டுல எடுத்துக் குடுத்த சேலைம்மா. குஞ்சம் கட்டி வாங்கிட்டு எங்க ஊரு கட்டுமாவடிக்குப் போய்க்கிட்டிருக்கோம். வெட்டுப்பட்ட சேலையைக் கட்டியா எம்பிள்ளை மணவறையில உக்காரணும்?"

கைதட்டிய கூட்டமே நொடியில் கட்சி மாறிவிட்டது. கூறைச்சேலை என்று தெரிந்தும் கத்திரி வைக்கலாமா என்றாள் ஒருத்தி. மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கட்டிக்கொண்டால் தோஷமில்லை என்றாள் இன்னொருத்தி. அதெல்லாம் கூடாது, வேறு சேலைதான் எடுக்க வேண்டும் என்றாள் கருவாட்டுக்காரி. ஆளாளுக்குப் பஞ்சாயத்து. படம் எடுத்த கல்லூரிப் பெண், தான் கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைத்து, "வெட்டுனது எல்லாமே என் போன்ல தெளிவா இருக்கு" என்றாள்.

செங்கமலம் தலையில் கை வைத்துக்கொண்டாள். "போச்சு. இது மீமிசல் வரைக்கும் போகும். அங்க சம்பந்தி வீட்டுல பாத்தா நான் என்னன்னு சொல்லுவேன்?"

ஐயனார் சுகுணாவின் பக்கமாகக் குனிந்து, "சேலை முழுசாத்தானே இருக்கு, குடுத்துட்டு நைசாக் கெளம்பு. அவுக பாடு" என்று கிசுகிசுத்தார். கிளம்பலாம்தான். பாயைச் சுருட்ட எவ்வளவு நேரமாகும்?

சுகுணா இலக்கியாவைப் பார்த்தாள். அந்தப் பெண் அழவில்லை. சுகுணாவின் கையில் கிடந்த சேலையை, யாரோ வீட்டுப் பொருளைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றாள். சுகுணா எத்தனை கல்யாணப் பெண்களுக்குத் தோளில் சேலையைப் போட்டுக் கண்ணாடி முன்னால் திருப்பியிருக்கிறாள்! அந்த நேரத்தில் அவர்கள் முகத்தில் வருகிற ஒன்று, இந்தப் பெண் முகத்திலும் ஒருநாள் வந்திருக்கும். இப்போது அது இல்லை. அதைத் துடைத்தெடுத்தது தான்தான் என்பது சுகுணாவுக்குப் பொறுக்கவில்லை.

ஆனால் உண்மையைச் சொன்னால் வித்தை செத்தது. திருடன் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதே வீட்டில் மறுபடி திருட முடியுமா? இருந்த ஒரே பெரிய வித்தை. கிடைத்த ஒரே கூட்டம். திங்கட்கிழமை வேறு பக்கத்தில் வந்து நிற்கிறது.

"வெட்டவே இல்லக்கா" என்றாள்.

"எங்கண்ணால பாத்தேன்."

"நீங்க பாத்தது வேறக்கா. இங்கிட்டு வாங்க. ஏம்மா, போன் வச்சிருக்க பிள்ளை, நீயும் வா. இதையும் எடு. இதை எடுக்காம அதை மட்டும் யாருக்கும் அனுப்பிறாத, ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

மூடியிருந்த இடது கையை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி விரித்தாள். உள்ளங்கையில் கசங்கிய சிவப்புத் துணுக்கு ஒன்று இருந்தது. கீழே விழுந்ததையும் பொறுக்கி அதோடு சேர்த்து வைத்தாள். இரண்டும் சேர்ந்து ஒரு விரல் நீளத் துண்டாயின. தையல் கடையில் மிஞ்சுகிற ரவிக்கைத் துணி. எல்லா நிறத்திலும் அவளிடம் ஒரு சுருக்குப்பை நிறைய உண்டு. சேலையை இழுப்பது போல இழுத்து, கைக்குள்ளிருந்து இந்தத் துண்டை மேலே துருத்தவிடுவாள். கத்திரி படுவது இதன்மேல்தான். சேலை அவள் கைக்குள்ளேயே பத்திரமாக இருக்கும்.

"தடவிப் பாருங்கக்கா. ஒங்க சேலை பட்டு. இது பட்டே இல்ல. ஒரு இழையை உருவிப் பாருங்க. ஒங்க சேலை மேல கத்திரி படவே இல்ல. நான் பட்டுக்கடையில வேலை பாத்தவ. கூறைச்சேலையில இரும்பு படலாமா படக்கூடாதான்னு எனக்குத் தெரியும். அதை இங்க கொண்டாரச் சொன்னதே தப்பு. அது ஏந்தப்புதான்க்கா. மன்னிச்சுக்கங்க."

செங்கமலம் துண்டை வாங்கினாள். சேலையைத் தடவினாள், துண்டைத் தடவினாள். ஒரு இழையை உருவி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். சேலையை முந்தானையிலிருந்து உள்தலைப்பு வரைக்கும் ஓட்டிப் பார்த்தாள். பிறகு அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மகளிடம் கொடுத்தாள். நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டாள். அதுவரைக்கும் சுகுணாவுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அதன் பிறகு செங்கமலம் அந்தத் துண்டை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா!" என்றாள்.

கூட்டமும் சிரித்தது. "இவ்வளவுதானா? நான் என்னமோன்னு நெனச்சேன்." "இதை எங்க வீட்டு வாண்டுகூடச் செய்யும்." வட்டம் மெல்ல அவிழ்ந்தது. கருவாட்டுக்காரி தராசைத் தேடிப் போனாள். ஐயனார் நாக்கைச் சப்புக்கொட்டி, "பொழைக்கத் தெரியாத பிள்ளையா இருக்கியே" என்று சொல்லிவிட்டு ஒலிபெருக்கியை மறுபடி ஏற்றிவிட்டார்.

சுகுணா பாயில் நின்றுகொண்டிருந்தாள். பஸ் ஏறிப் போனவர்கள், பருந்து, நாய் எதுவும் அவளை இந்த அளவுக்குச் சுடவில்லை. அந்தத் துண்டை யாருக்கும் தெரியாமல் மேலே ஏற்றுவதற்கு எத்தனை நாள் சோறு குழைந்தது, எத்தனை நாள் விரல் மரத்தது! அதைப் பார்த்து 'இவ்வளவுதானா'வாம். இவர்கள் சேலையைக் காப்பாற்றக் கையை விரித்ததற்கு இது மரியாதை! அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு கைக்குட்டையை மடிக்கத் தொடங்கினாள்.

"அக்கா."

இலக்கியா நின்றுகொண்டிருந்தாள். சேலைப் பையை அம்மா கக்கத்தில் இடுக்கிக்கொண்டுவிட்டாள். மகள் தன் கழுத்திலிருந்து கிளிப்பச்சைத் துப்பட்டாவை எடுத்து நீட்டினாள்.

"இதுல செய்ங்க. இப்பத்தான் எனக்கு எப்படின்னு தெரியுமே. கண்டுபிடிச்சிருவேன்."

அந்தப் பெண்ணின் முகத்தில் குறும்பு திரும்பி வந்திருந்தது. நகர்ந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள். ஏமாந்து பார்ப்பது ஒரு சுகம் என்றால், ஏமாற்றுகிறவளைக் கையும் களவுமாகப் பிடிப்பது அதைவிடச் சுகம். ஒவ்வொருவராகத் திரும்பி வந்து, முன்னைவிட நெருக்கமாக நின்றார்கள். அத்தனை கண்ணும் சுகுணாவின் இடது கையில். அந்தப் பிடிவாதத்தைப் பார்த்ததும் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு வீம்பு பிறந்தது. வேண்டாம் என்று ஒதுக்கிய சேலையையே இவர்கள் தலையில் கட்டியவள் அவள்.

"கண்டுபிடிங்க, பாப்போம்" என்றாள். சுருக்குப்பையிலிருந்து ஒரு கிளிப்பச்சைத் துண்டை எடுத்து, எல்லாருக்கும் சுற்றிக் காட்டினாள். "இதான் துண்டு. பாத்துக்கங்க. இது ஏங்கையில இருந்தாத்தானே ஒங்களுக்குச் சந்தேகம்? அக்கா, இந்தாங்க, நீங்களே வச்சுக்கங்க. கையை இறுக்கி மூடிக்கங்க. யாரு கேட்டாலும் தொறக்காதீங்க."

செங்கமலம் துண்டை வாங்கிக் கையை மூடிக்கொண்டாள். மூடிய கையை நெஞ்சோடு வேறு வைத்துக்கொண்டாள். கூட்டத்தின் கண்ணெல்லாம் அந்தக் கையோடு போனது.

சுகுணா துப்பட்டாவை வீசி விரித்தாள். நிதானமாக, கடையில் பெரிய இடத்துச் சம்பந்திகளுக்கு விரிக்கிற மாதிரி. "பாருங்கக்கா, நல்ல நெறம், ஒங்க பொண்ணு கலருக்கு எடுப்பா இருக்கும். பாக்குறதுல என்ன இருக்கு?" நடுப்பகுதியை இழுத்தாள். கைப்பிடிக்கு மேலே பச்சைத் துணி துருத்தியது. கத்திரியின் வாயைத் திறந்து அதன்மேல் வைத்தாள். ஒரு கணம் நிறுத்தினாள். நறுக்.

"ஐயோ, பிள்ளை துப்பட்டா!" என்று அலறினாள் செங்கமலம்.

எல்லாம் தெரிந்தவள். துண்டைத் தடவிப் பார்த்தவள். அவள் போட்ட அலறலில் சந்தையின் பாதி திரும்பிப் பார்த்தது. "துண்டு ஏங்கையில இருக்கு. அப்ப நீ எதை வெட்டுன?" என்று மூடிய கையை ஆட்டினாள். கையைத் திறந்தாள். பச்சைத் துண்டு வியர்வையில் நனைந்து அங்கேயே கிடந்தது. சுகுணா துப்பட்டாவை உதறி இலக்கியாவின் கழுத்தில் போட்டாள். அது முழுசாக இருந்தது.

ஜவுளிக்கடைக்காரி ஒரு நிறத்துக்கு ஒரு துண்டுதான் வைத்திருப்பாள் என்று அவர்களுக்கு யார் சொன்னது? செங்கமலத்திடம் ஒன்றைக் கொடுத்த கையிலேயே இன்னொன்று தயாராக இருந்தது. ஆனால் அதைக் கேட்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை. கை தட்டிக்கொண்டும், ஒருவரையொருவர் இடித்துக்கொண்டும், "நீ பாத்தியா? நான் கையைவிட்டுக் கண்ணை எடுக்கலையே" என்று சண்டை போட்டுக்கொண்டும் இருந்தார்கள். இலக்கியா துப்பட்டாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஐயனாருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அப்ப மொதல்ல அந்தச் சேலை?" என்றார்.

"அட சும்மா இருய்யா. அது துண்டுதான், நான் உருவிப் பாத்தேன்ல? இதுதான் என்னான்னு வெளங்கலை" என்று செங்கமலம் அவர் வாயை அடைத்தாள். பிறகு சுகுணாவிடம் நெருங்கி வந்து குரலைத் தாழ்த்தினாள். "ஏந்தாயி, சொல்லிரு. அது எப்படி?"

"அதை மட்டும் கேக்காதீங்கக்கா."

"அப்ப நான் போகலை." சேலைப் பையை மடியில் இறுக்கிக்கொண்டு செங்கமலம் பாயின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "கண்டுபிடிக்காம எந்திரிக்க மாட்டேன். இன்னொரு தடவை செய்யி." பின்னால் நின்றவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. முன்வரிசை முழுக்க அப்படியே தரையில் உட்கார்ந்தது.

சுகுணா மறுபடி செய்தாள். மறுபடியும் செங்கமலம் அலறினாள். யாரும் போகவில்லை. முடிந்தது, முடிந்தது என்று சுகுணாவே சொல்லிப் பாயைச் சுருட்டிய பிறகுதான் எழுந்தார்கள். எழுந்தும் சிலர் அங்கேயே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

செங்கமலம் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "அடுத்த சந்தைக்கும் இங்கதானே இருப்ப? சம்பந்தி வீட்டு ஆளுகளைக் கூட்டியாரணும். நான் மட்டும் கத்துனா எப்படி? அவுகளும் ஒரு தடவை கத்தட்டும்."

"வாரேன்க்கா, இங்கதான் நிப்பேன்" என்றாள் சுகுணா.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது, உதயசூரியனுக்குச் சொல்லவேண்டிய பதிலைச் செங்கமலத்திடம் சொல்லியாகிவிட்டது என்று.